மிதித்ததும் ஒரு கணம் திணறினால்

நிசான் 300இசட்எக்ஸ் ட்வின் டர்போ வைத்திருப்பவரிடம் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பெருமையாகத்தான் தொடங்குவார். இரண்டாவது வாய் டீ இறங்குவதற்குள் குறை வெளியே வந்துவிடும். "மூணாவது கியர்ல நல்லா மிதிச்சா ஒரு கணம் மூச்சு முட்டுது. அப்புறம் திடீர்னு பிச்சுக்கிட்டுப் போகுது. ஏன்னுதான் தெரியல."

பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் டர்போ போயிருக்கும் என்பார். இன்னொருவர் பெட்ரோல் பம்ப்பைச் சொல்வார். மூன்றாமவர் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவையே மாற்றச் சொல்வார். ஆளுக்கொரு பாகத்தின் பெயர் கிடைக்கும், ஒவ்வொன்றும் கைக்கடங்காத விலை. இந்தத் திணறலின் காரணத்தைத் தேட ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் போனால், பெரும்பாலும் செலவு குறைந்த இடத்திலேயே விடை அகப்பட்டுவிடும். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இசட்32 என்ற குறியீட்டுப் பெயர் கொண்ட இந்தக் கார் 1989-ல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1990 மாடலாக நுழைந்து 1996 வரை விற்றது. ஜப்பானில் 2000 வரை தயாரானது. உள்ளே இருப்பது விஜி30டிஇடிடி என்ற 2960 சிசி வி6 எஞ்சின். ஆறு சிலிண்டர், இருபத்துநான்கு வால்வு, இரண்டு டர்போ, இரண்டு இன்டர்கூலர், இரண்டு த்ராட்டில் பாடி. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தமக்குள் எல்லையாக வைத்துக்கொண்ட 280 குதிரைத்திறனை ஜப்பான் மாடல் தொட்டது. அமெரிக்க மாடலுக்கு 300 என்று போட்டார்கள். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான எஞ்சின். இன்றைக்கும் நான் இதை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் இன்று சாலையில் ஓடும் இசட்32 எதுவானாலும் அதற்கு வயது இருபத்தைந்துக்கு மேல். பெரும்பாலானவை முப்பதைத் தாண்டியவை. எஞ்சின் அறைக்குள் இரண்டு டர்போவின் வெப்பம். அதில் இத்தனை வருடம் வெந்த ரப்பர் ஹோஸ்களும், பிளாஸ்டிக் கப்ளர்களும், ஒயர்களும். திணறலுக்குக் காரணம் தேடும்போது இதை நினைவில் வைத்தே தேட வேண்டும். டர்போ இரும்பு. அதைச் சுற்றியிருப்பவை ரப்பரும் பிளாஸ்டிக்கும். எது முதலில் கெடும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, திணறலையும் டர்போ லேகையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சைலன்சர் பக்கம் போகும் வாயுதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. நீங்கள் மிதித்த பிறகு வாயு பெருகி, சக்கரம் வேகமெடுத்து, காற்றை அழுத்தித் தர, அதாவது பூஸ்ட் ஏற, ஒரு சிறு நேரம் ஆகும். அந்த நேரத்தில் இழுவை குறைவாக இருக்கும். ஆனால் வழுவழுவென்று இருக்கும், படிப்படியாக ஏறும். அது டர்போவின் இயல்பு, சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. திணறல் வேறு மாதிரி. ஏறிக்கொண்டிருந்த இழுவை நடுவில் சரியும், அல்லது வண்டி விட்டுவிட்டு உதறும், அல்லது மிதித்த மறுகணமே யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். ஸ்டியரிங் பிடித்திருக்கும் கைக்கே வித்தியாசம் தெரியும். வண்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதவர் லேகைத் திணறல் என்று எடுத்துக்கொண்டு பணம் செலவழிப்பது உண்டு. அதே ரகத்தில் நன்றாக ஓடும் இன்னொரு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

திணறல்தான் என்று உறுதியாகிவிட்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சில கேள்விகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகா? லேசாக மிதிக்கும்போதா, முழுக்க மிதிக்கும்போதா? பூஸ்ட் மானியின் முள் வேக்குவம் பக்கம் இருக்கும்போதா, அழுத்தப் பக்கம் தாண்டிய பிறகா? குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டுமா? கியர் மாற்றும் இடைவெளியிலா? மழை நாளில் கூடுகிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி இங்கேயே முடிந்துவிடும். குளிரில் மட்டும் திணறினால் வெப்ப சென்சார், காற்றுக் கசிவு என்று தேடல் ஒரு பக்கம் போகும். சூடேறிய பிறகு மட்டும் என்றால் சூட்டில் செயலிழக்கும் மின்னணுப் பாகங்கள். பூஸ்ட் ஏறிய பிறகு மட்டும் உதறினால் பிளக், காயில், அழுத்தப் பக்க ஹோஸ்கள். உச்ச ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சு வாங்கினால் பெட்ரோல் வரத்து. கியர் மாற்றும் இடைவெளியில் மட்டும் என்றால் பூஸ்ட்டைத் திருப்பிவிடும் வால்வு. விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் எந்தப் பக்கம் முதல் அடி எடுத்து வைப்பது என்பதை இந்தப் பதில்கள் சொல்லிவிடும்.

அதன்பின் ஈசியு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். அமெரிக்க மாடலில் முன் பயணியின் கால் வைக்கும் இடத்தில் ஈசியு இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறு திருகும் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, அந்தத் திருகை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, இரண்டு நொடி விட்டு, இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. 12 வந்தால் காற்றை அளக்கும் சென்சார். 13 கூலன்ட் வெப்ப சென்சார். 21 இக்னிஷன் சிக்னல். 34 நாக் சென்சார். 43 த்ராட்டில் சென்சார். 51 இன்ஜெக்டர் சர்க்யூட். 55 என்றால் குறை எதுவும் பதிவாகவில்லை.

55 வந்துவிட்டதே, எல்லாம் சரி என்று எழுந்துவிடாதீர்கள். ஈசியுவால் மின்சாரம் அறுந்ததையும், எல்லை மீறிய சிக்னலையும்தான் பார்க்க முடியும். ஹோஸில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குத் தெரியாது. பிளக் இடைவெளி அகன்றால் தெரியாது. பெட்ரோல் ஃபில்டர் பாதி அடைத்தால் தெரியாது. திணறும் இசட்32-க்கு 55 வருவது சகஜம்.

அடுத்த வேலைக்கு எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பாவும், ஒரு மல்டிமீட்டரும், பொறுமையும் போதும். எஞ்சின் அறையில் உள்ள கப்ளர்கள் ஒவ்வொன்றையும் பேட்டரி கழற்றிய நிலையில் பிரித்துப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருக்கும், பூட்டும் நாக்கு உடைந்திருக்கும், ஒயரின் மேலுறை காய்ந்து உதிரும். இன்ஜெக்டர் கப்ளர், காயில் கப்ளர், கூலன்ட் வெப்ப சென்சாரின் கப்ளர் ஆகிய மூன்றும் இந்த வண்டியில் பேர்போனவை. சுத்தம் செய்து திரும்பப் பூட்டுவதால் மட்டுமே திணறல் நின்ற வண்டிகள் ஏராளம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாகத்தை மாற்றும்போது கப்ளரைப் பிரித்துப் பூட்டியாக வேண்டும். அந்த உரசலில் தொடர்பு தற்காலிகமாகச் சரியாகிவிடும். புதுப் பாகம்தான் காப்பாற்றியது என்று நம்பி வீட்டுக்குப் போவார்கள். ஒரு மாதத்தில் குறை திரும்பி வரும்.

கூலன்ட் வெப்ப சென்சாரைப் பற்றி ஒரு குறிப்பு. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு வேறொரு சென்சார். முள் சரியாக நிற்கிறது என்பதற்காக ஈசியுவுக்குச் சரியான செய்தி போகிறது என்று அர்த்தமில்லை. இந்தச் சென்சாரின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்க வேண்டும். கப்ளர் கெட்டுத் தடை கூடினால், கொதிக்கும் எஞ்சினையும் ஈசியு குளிர்ந்ததாக நினைத்துப் பெட்ரோலை வாரி ஊற்றும். பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் மந்தமாகும், பெட்ரோல் வாடை அடிக்கும்.

இனி தீப்பொறிக்கு வருவோம். டர்போ எஞ்சினுக்கும் சாதாரண எஞ்சினுக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: இடைவெளியின் அகலம், அங்கிருக்கும் வாயுவின் அழுத்தம். இரண்டில் எது கூடினாலும் அதிக வோல்ட் வேண்டும். சும்மா ஐடிலில் ஓடும்போது சிலிண்டருக்குள் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. தளர்ந்துபோன காயில்கூட அங்கே சமாளித்துவிடும். பூஸ்ட் ஏறியதும் அதே சிலிண்டருக்குள் காற்று திணிக்கப்படுகிறது. பொறி தாவ வேண்டிய வோல்ட் எகிறுகிறது. காயிலால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் பொறி தாவாது, அல்லது பிளக்கின் பீங்கானில் ஏதாவது விரிசல் இருந்தால் அந்தப் பக்கம் ஓடிவிடும். அந்தச் சுற்றில் அந்தச் சிலிண்டர் எரியாது. காலுக்குக் கீழே உதறலாக நீங்கள் உணர்வது அதைத்தான்.

ஆக, ஐடிலில் நன்றாக நின்று, மெதுவாக ஓட்டும்போதும் நன்றாக ஓடி, பூஸ்ட்டில் மட்டும் படபடவென்று வெட்டினால், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். தொழிற்சாலை சொன்ன இடைவெளி 1.1 மில்லிமீட்டர். தேய்ந்த பிளக்கில் இது இன்னும் அகன்றிருக்கும். பூஸ்ட்டைக் கூட்டி ஓட்டுபவர்கள் 0.8 அளவுக்குக் குறைப்பது வழக்கம். ஆறு பிளக்கையும் வரிசையாகத் துணியில் அடுக்கிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. எல்லாமே கரியென்றால் பெட்ரோல் அதிகம், காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் ஈரமாகவோ கரியாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் காயில் அல்லது இன்ஜெக்டர். ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று, முனை கொப்புளித்து இருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. அதற்கு மேல் வண்டியை மிதித்து ஓட்டக் கூடாது.

எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டால், அதன் காயிலைக் கழற்றி நன்றாக எரியும் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறை கூடவே போனால் காயில்தான். போகாமல் அங்கேயே நின்றால் இன்ஜெக்டரோ, ஒயரிங்கோ, உள்ளே கம்ப்ரஷனோ. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. ஆறு காயிலையும் மொத்தமாக மாற்றச் சொல்பவர்கள் இதைச் செய்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த வண்டிக்கே உரிய இன்னொரு பாகம் பவர் டிரான்சிஸ்டர் யூனிட், சுருக்கமாக பிடியூ. ஈசியுவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை வாங்கி, ஆறு காயில்களுக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் இது. எஞ்சினின் முன்பக்கம், நல்ல சூடு அடிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். வயதானதும் சூட்டில் உள்ளிருக்கும் இணைப்புகள் விட்டுப்போகும். காலையில் கிளப்பினால் வண்டி பிரமாதம். நெரிசலில் அரை மணி நேரம் நின்று ஊர்ந்த பிறகு மிதித்தால் ஒன்றோ இரண்டோ சிலிண்டர் செத்துவிடும். ஆறவிட்டு மறுபடி கிளப்பினால் உயிர் வரும். இந்த அடையாளம் அப்படியே பொருந்தினால் பிடியூ மேல் சந்தேகம் வைக்கலாம். பிற்காலத்தில் நிசான் வேறு வடிவத்தில் இதைத் தந்தது, பழைய வண்டிக்கும் ஒயர் கப்ளரை மாற்றிப் பொருத்திக்கொள்கிறார்கள்.

பொறி சரி என்றால் காற்று. இந்தப் பகுதி கொஞ்சம் நீளம், ஆனால் டர்போ வண்டியின் திணறலில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இசட்32-ல் ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரேயொரு அளவைக் கருவி இருக்கிறது. எம்ஏஎஃப் என்பார்கள். உள்ளே சூடாக்கிய ஒரு மெல்லிய கம்பி. அதைக் காற்று குளிர்விக்கக் குளிர்விக்க, சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து உள்ளே போகும் காற்றின் எடையை ஈசியு கணக்கிடுகிறது. அங்கிருந்து காற்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு டர்போவுக்குள் போய், முன் பம்பரின் இரு மூலைகளில் இருக்கும் இன்டர்கூலர்களைச் சுற்றி, இரண்டு த்ராட்டில் வழியாக எஞ்சினுக்குள் நுழைகிறது. இத்தனை தூரத்துக்கும் எத்தனை ரப்பர் மூட்டு, எத்தனை கிளாம்ப் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

எம்ஏஎஃப் எண்ணுவதை ஒரு விருந்தாக நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்று பத்துப் பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சமையல்காரர் உலை வைக்கிறார். நடுவழியில் இரண்டு பேர் பக்கவாட்டுக் கதவால் வெளியேறிவிட்டால் சோறு மிஞ்சும். எண்ணாத இரண்டு பேர் அதே கதவால் நுழைந்துவிட்டால் பற்றாது. கசிவு எங்கே இருக்கிறது என்பதையும், அந்த நேரத்தில் அங்கே அழுத்தமா உறிஞ்சலா என்பதையும் பொறுத்து இரண்டுமே நடக்கும்.

எம்ஏஎஃப்-க்கும் டர்போவுக்கும் இடையே கீறல் இருந்தால், அங்கே எப்போதும் உறிஞ்சல்தான். எண்ணாத காற்று உள்ளே வரும், பெட்ரோல் பற்றாது. டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கீறல் இருந்தால், பூஸ்ட் ஏறியதும் எண்ணிய காற்று வெளியே பாயும். ஈசியு எண்ணியபடியே பெட்ரோலைத் தெளித்துவிடும். கலவை கெட்டிப்பட்டு எஞ்சின் முக்கும், சைலன்சரில் கறுப்புப் புகை எட்டிப்பார்க்கும். த்ராட்டிலைத் தாண்டி இன்டேக் பக்கம் கசிவு இருந்தால் இன்னும் சிக்கல். ஐடிலில் அங்கே வேக்குவம், காற்று உள்ளே வரும், எஞ்சின் ஏற்ற இறக்கமாக ஓடும். பூஸ்ட்டில் அதே ஓட்டையில் காற்று வெளியேறும். ஒரே ஓட்டை, இரண்டு எதிரெதிர் அடையாளம். இதைப் புரிந்துகொள்ளாதவர்தான் இரண்டு தனித்தனிக் குறைகள் என்று எண்ணி இரண்டு பாகம் வாங்குகிறார்.

கண்ணால் பார்த்து இந்தக் கசிவைப் பிடிக்க முடியாது. ஹோஸின் அடிப்பக்கம் கீறியிருக்கும். அழுத்தம் ஏறினால்தான் அது வாய் திறக்கும். அதனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, எம்ஏஎஃப்பைக் கழற்றி, அந்த ஹோஸின் வாயை ஒரு மூடியால் அடைத்து, மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரால் காற்றை ஏற்றுகிறார்கள். 10 பிஎஸ்ஐ போதும். தொழிற்சாலை தந்த பூஸ்ட்டே அந்த அளவுதான். ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் காற்றை விட்டால் சீல்கள் பிய்யும், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளித்துக்கொண்டே போனால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். எண்ணெய் ஊற்றும் மூடியருகே கொஞ்சம் சீறல் கேட்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டியும் வால்வு வழியாகவும் சிறிது காற்று அடிப்பகுதிக்கு இறங்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். இன்டர்கூலர் ஹோஸ்களிலும், த்ராட்டிலின் வாயிலும், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளிலும், பழைய மெல்லிய வேக்குவம் ஹோஸ்களிலும் கவனமாகப் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது, த்ராட்டில் மூடும்போது மிஞ்சும் பூஸ்ட்டைத் திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பும் வால்வு. இசட்32-ல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. சத்தத்துக்கு ஆசைப்பட்டு இதை வெளிக்காற்றில் திறந்துவிடும் வால்வாக மாற்றுகிறார்கள். எண்ணிய காற்று தெருவில் போய்விடுகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை கெட்டிப்பட்டு எஞ்சின் தலை தொங்கி எழுகிறது. எம்ஏஎஃப் வைத்துக் காற்றை எண்ணும் எந்த வண்டிக்கும் இந்த மாற்றம் ஒத்துவராது. தொழிற்சாலை வால்வைத் திரும்பப் பூட்டினால் திணறல் அன்றே போகும்.

எம்ஏஎஃப்பையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம். ஐடிலில் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். எஞ்சின் தடுமாறினால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டிருந்தால் கம்பியில் எண்ணெய் படிந்து அளவு தவறும். அதற்கென்றே விற்கும் கிளீனரைத் தவிர வேறெதையும் அதன் மேல் அடிக்கக் கூடாது. இசட்32-ன் இந்த எம்ஏஎஃப் நிறையக் காற்றை அளக்க வல்லது என்பதால், சக்தி கூட்டிய மற்ற நிசான் வண்டிகளிலும் இதைப் பிடுங்கிப் பொருத்தும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு.

இப்போது பெட்ரோல். இங்கே வேகம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும். பெட்ரோல் அதிகமானால் எஞ்சின் முக்கும், அவ்வளவுதான். பூஸ்ட்டில் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறி, கலவை தானாகவே வெடித்து நாக் ஆகி, பிஸ்டன் உருகும். வைட்பேண்ட் மானி பொருத்தியிருந்தால், முழு பூஸ்ட்டில் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான எடை விகிதம் 11-லிருந்து 12-க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். 13-ஐ நோக்கி ஏறினால் உடனே காலை எடுங்கள். இன்னொருமுறை மிதித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்ற ஆசையில் எஞ்சினை இழந்தவர்கள் உண்டு.

பெட்ரோல் லைனில் ஒரு அழுத்தமானியைப் பொருத்தி, ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் 43 பிஎஸ்ஐ, அதாவது 3 பார் காட்ட வேண்டும். ஹோஸை மாட்டினால் ஐடிலில் அதைவிடக் குறையும். பூஸ்ட் ஏறும்போது ஏறும் அளவுக்குச் சமமாக இதுவும் ஏற வேண்டும்: 0.7 பார் பூஸ்ட் என்றால் 3.7 பார். மானியை வைப்பரில் சிக்காதபடி முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவைத்து, ஒருவர் ஓட்ட இன்னொருவர் படிக்கலாம். பெட்ரோல் நிறைந்த மானியைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. பூஸ்ட்டில் அழுத்தம் ஏறாமல் நின்றாலோ சரிந்தாலோ, முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு பம்ப்புக்கு வரும் வோல்ட்டைப் பாருங்கள். இந்த வண்டியில் பம்ப்புக்கென ஒரு கட்டுப்பாட்டு யூனிட் உண்டு. லேசான ஓட்டத்தில் குறைந்த வோல்ட்டும், பாரம் கூடினால் முழு வோல்ட்டும் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டுப்போய்க் குறைந்த வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், நல்ல பம்ப்பே கெட்ட பம்ப்பாகத் தெரியும். பம்ப்பை மாற்றியும் குறை தீராத பல வண்டிகளின் கதை இதுதான்.

இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 10-லிருந்து 14 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஆரம்ப வருட இசட்32-களில் இருந்த இன்ஜெக்டர்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. உள்ளிருக்கும் சுருள் கெட்டு, தடை மாறி, முதலில் விட்டுவிட்டும் பிறகு முழுதாகவும் சாகும். பிற்காலத்தில் வேறு வடிவ இன்ஜெக்டர் வந்தது. ஒன்று போயிருந்தால் மற்ற ஐந்தும் அதே பாதையில்தான் இருக்கின்றன. மேலே உள்ள இன்டேக்கைத் திறக்கும் உழைப்பை நினைத்தால், ஆறையும் சேர்த்து மாற்றுவதை இங்கே மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். இந்தியாவில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதை வைத்திருப்பவரும் ஹோஸும் இன்ஜெக்டரும் அதற்கேற்றவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நாக் சென்சார் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், இன்டேக்குக்கு அடியில் புதைந்திருக்கிறது. 34 என்ற கோட் வந்தால் ஈசியு பயந்துபோய் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, பூஸ்ட்டையும் குறைத்துவிடும். வண்டி உதறாது, ஆனால் செத்த இழுவையாக இருக்கும். சென்சாரை மாற்றுவதற்கு முன் அதன் ஒயரைப் பாருங்கள், வெப்பத்தில் பொடிந்திருக்கலாம். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டாலும் டைமிங் பின்வாங்கி இதே மந்தம் வரும். டேங்க்கில் என்ன இருக்கிறது என்று உரிமையாளரைக் கேட்காமல் எதையும் பிரிக்கக் கூடாது.

த்ராட்டில் சென்சார் ஐடிலில் அரை வோல்ட் அளவில் தொடங்கி, பெடலை மெல்ல அழுத்த அழுத்தத் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். நடுவில் குதித்தால் மாற்ற வேண்டியதுதான். கேம்ஷாஃப்ட் முனையில் ஒளி வழியாகச் சுற்றை எண்ணும் சென்சாருக்கு 11 என்ற கோட் உண்டு. இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். டர்போவின் தண்டில் ஆட்டம் இருக்கிறதா, இன்டர்கூலரில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா, வேஸ்ட்கேட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் பிறகுதான். கெட்ட டர்போ பெரும்பாலும் புகையாலும் ஊளையாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும், வெட்டி வெட்டி உதறச் செய்வது அரிது.

வேலை நடக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பிளக், காயில், ஃபில்டர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் மாற்றிவிட்டுத் திணறல் நின்றுவிட்டால், எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே திணறல் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரியானதா என்று சோதிக்க, முன்பு திணறிய அதே நிலையை உருவாக்க வேண்டும். சூட்டில் திணறிய வண்டியைச் சூடேற்றியே ஓட்டுங்கள். ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து ஒரே சீராக மிதித்து, இழுவை எங்கும் சரியாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஈசியுவில் பதிவான கோட் எண்ணை அழித்திருந்தால் திரும்பி வந்ததும் மறுபடி படித்துப் பாருங்கள். புதுக் கிளாம்ப் போட்ட ஹோஸ்கள் நாலைந்து முறை சூடாகி ஆறியதும் சற்றுத் தளரும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் இன்னொரு சுற்று இறுக்கிவிடுங்கள்.